ஆறு வரை எண்ணுதல்

மணி ஒன்பது. இன்னும் விடியவில்லை.
தோர்னியோவின் டிசம்பருக்கு
விடிவதில் ஓர் அவசரமுமில்லை.

பன்னிரண்டு பேரை வெளியே கூட்டிப்போக
இருபத்துநான்கு கையுறை, இருபத்துநான்கு பூட்ஸ்,
கழுத்துவரை ஏறும் ஜிப் பன்னிரண்டு.
அதில் ஒன்று எப்போதும் தாடையைக் கடிக்கும்.
கடைசி ஜிப்பை நான் இழுத்து முடிக்கையில்
முதலில் உடுத்தி நின்ற கெர்த்து சொல்வாள்:
"ஒண்ணுக்கு வருது."

மறுபடி முதலிலிருந்து.

உலர்த்தும் அலமாரியைத் திறந்தால்
ஈரக் கம்பளி முகத்தில் மூச்சு விடுகிறது.
பச்சைக் கையுறை ஒன்று, இடது கைக்கானது,
மூன்று நாளாய் யாருடையதும் இல்லை.
இவர்கள் மொழியில் இல்லை என்பதும் ஆளுக்கேற்ப மாறும்.
நான் சொல்லும் இல்லை வேறு,
நீ சொல்லும் இல்லை வேறு.
யாருக்கும் ஒரே இல்லையோடு வளர்ந்தவள் நான்,
அடிக்கடி அடுத்தவருடையதை எடுத்துச் சொல்லிவிடுவேன்.
ஐந்து வயது ஹெல்கா சலிக்காமல் திருத்துவாள்,
என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல.

முற்றத்தில் விளக்குக் கம்பத்தடியில்
மினுங்கும் மஞ்சள் மேலங்கிகள்.
கால்மணிக்கொருமுறை எண்ண வேண்டும்.
வேலையில் பாதி அதுதான்.
பாடுவது, வெட்டி ஒட்டுவது, மூக்குத் துடைப்பது
எல்லாம் சேர்ந்து மீதி.
அவர்கள் மொழியில் உரக்க எண்ணுவேன்,
மார்யுக்காவுக்கும் கேட்கட்டுமென்று.

இன்று பதினொன்றுதான் வந்தது.

மறுபடி எண்ணினேன்.
நாக்கு தானாகத் தமிழுக்குத் தாவியது.
ஒன்று, இரண்டு, மூன்று...
பயத்துக்கு இரண்டாவது மொழி வராதுபோல.
பத்து. பதினொன்று.

பனிக்குவியலுக்குப் பின்னால்
மல்லாந்து கிடந்தான் சூலோ,
வாயை அகலத் திறந்து
விழுகிற பனியைத் தின்றுகொண்டு.
திட்ட வாயெடுத்தேன்.
எந்த மொழியில் என்று தேடி முடிப்பதற்குள்
கோபம் ஆறிவிட்டது.

மதியம் கஞ்சிக்குக் காத்திருக்கையில்
ஊர்ஹோ கேட்டான்:
"பயந்துபோய் எண்ணினியே,
அஞ்சு தாண்டி ஆ-ன்னு ஒண்ணு சொன்னே, அது என்ன?"
"ஆறு."
"எங்க ஊர்ல அது கூஸி.
கூஸின்னா மரமும்தான்" என்று
வேலிக்கு வெளியே நின்ற ஊசியிலை மரத்தைக் காட்டினான்.
"உன்னோட ஆறு எந்த மரம்?"

மரமில்லை, என்றேன். அது ஓடும்.
ஜன்னல் வழியே நதியைக் காட்டினேன்.
கரைக்குக் கரை வெள்ளை.
அதன் நடுவே நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர்
ஸ்வீடன் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

ஊர்ஹோ வெகுநேரம் பார்த்தான்.
"ஓடலையே."
"அடியில ஓடுது."
நான் பார்த்ததில்லை.
சொல்லிவிட்டேன்.

கஞ்சி வந்தது. அவன் அவசரமாய்
வாய்க்குக் கொண்டுபோக,
"ஆறட்டும்" என்றேன்,
இன்னொரு மொழி நினைவுக்கு வருமுன்.
கரண்டி பாதியில் நின்றது.
"மறுபடியும் ஆறா?"
கொஞ்சம் யோசித்தான்.
பிறகு விரல்விட்டு எண்ணியபடி
கஞ்சியை ஆறு முறை ஊதினான்.

மூன்றரைக்கு மறுபடி இருட்டு.
எஃகு ஆலையிலிருந்து ஹெல்காவின் அப்பா வருவார்.
இரண்டு குளிர்காலமாய் "மோய்" ஒன்றுதான்
எங்களுக்குள் நடந்த பேச்சு.
இன்று கதவருகே தயங்கி,
"குளிர்" என்றார்.
ஆமாம், என்றேன்.
இருவருக்கும் கொஞ்சம் அதிகமாய்ப் பேசிவிட்ட கூச்சம்.

ஒப்பந்தம் மே மாதம்வரை.
அதற்குள் மொழித்தேர்வு எழுத வேண்டும்.
மார்யுக்கா பலகையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்:
நாளை மைனஸ் இருபத்திரண்டு,
யாரும் வெளியே போக வேண்டாம்.
பன்னிரண்டு ஜிப்புகளும் கொக்கியில் சும்மா தொங்கும்.
நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும் எனக்கு.

விளக்கணைக்குமுன்
அலமாரியைக் கடைசியாய்த் திறந்தேன்.
பச்சைக் கையுறைகள் இரண்டு ஆகியிருந்தன.

இரண்டும் இடது.